மாதக் கணக்கு உதைக்கிறது, பழி மட்டும் என் மேலா?

ஈரோடு மாவட்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பல வருடங்களாக அந்தக் கடையில்தான் வேலை. தினமும் இரவு பில்லிங் கம்ப்யூட்டரில் அன்றைய விற்பனையை முடித்து, மொத்தத் தொகையை நாள் விற்பனை நோட்டிலும் எழுதி வைப்பார். மாதம் முடிந்ததும் அந்தக் கணக்கு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலாகும். இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. டிசம்பர் தொடக்கத்தில் முதலாளியின் மகன் தன் லேப்டாப்பில் ஒரு ரிப்போர்ட் மென்பொருளைப் போட்டு, 2025 ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரையிலான பில் விவரங்களை அதில் ஏற்றி, மாதவாரியாகப் பிரித்து அப்பாவிடம் காட்டியிருக்கிறார். அக்டோபருக்கு ரிட்டர்னில் காட்டிய விற்பனை ஏறத்தாழ 68 லட்சம். ரிப்போர்ட்டில் வந்ததோ 12 லட்சம்.

"விற்காத சரக்குக்கு வரி கட்ட வைத்துவிட்டாய்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். அதிகமாகக் காட்டிய விற்பனையை இனி வரும் ரிட்டர்ன்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட வேண்டும், அதுவரை வீணாய்ப் போன வரியை உன் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறாராம். சகோதரி மூன்று விஷயம் கேட்கிறார். நாள் விற்பனை நோட்டைக் கம்ப்யூட்டர் கணக்குக்கு ஒத்துவரும்படி திருத்தி எழுதிவிட்டால் பிரச்னை தீருமா? சம்பளத்தில் பிடிக்க அவருக்கு உரிமை உண்டா? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

கடிதத்தின் கடைசியில், பேச்சோடு பேச்சாக இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் தொடங்கும் கணக்கில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக்கும் விற்பனை வந்திருக்கிறது. அது பழைய பாக்கியாக இருக்கும் என்று மகன் சொல்லிவிட்டார். மாதப் பெயர் இல்லாமல் 'பிளாங்க்' என்று ஒரு பெரிய தொகையும் வந்திருக்கிறது. பார்க்க நன்றாக இல்லை என்று அதை மறைத்துவிட்டார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நோட்டைத் தொடாதீர்கள். ஒரு எண்ணைக்கூட அடிக்க வேண்டாம், மேலெழுத வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி இரண்டு விஷயங்களிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை உங்கள் கடையில் ஒரு ரூபாய் விற்பனையும் காணாமல் போகவில்லை, விற்காத எதற்கும் நீங்கள் வரி கட்ட வைக்கவும் இல்லை. பணம் முழுதும் அந்த ரிப்போர்ட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது, தவறான மாதங்களில் சிதறிக் கிடக்கிறது.

என்ன நடந்திருக்கும்?

நம் ஊர் பில்லிங் மென்பொருள்கள் தேதியை நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் எழுதும். அக்டோபர் 5 என்றால் 05/10/2025. அமெரிக்க முறை அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் முதலில் மாதத்தையும் பிறகு நாளையும் எதிர்பார்க்கும். அதே 05/10/2025 அதன் கண்ணுக்கு மே 10. புது லேப்டாப்களில் பல பேர் இந்த அமைப்பை மாற்றாமலே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். எச்சரிக்கை எதுவும் வராது, ஏனென்றால் மே 10 என்பதும் ஒழுங்கான தேதிதானே.

நாள் 12-ஐத் தாண்டினால் கதை வேறு. 19/10/2025 என்பதை அந்தக் கம்ப்யூட்டர் 19-ஆவது மாதம் என்று படிக்கப் பார்க்கும். அப்படி ஒரு மாதம் கிடையாது. எனவே அதைத் தேதியாகவே ஏற்காமல் விட்டுவிடும். அந்த விற்பனைக்கு மாதம் இல்லை. அதுதான் 'பிளாங்க்'.

இப்போது உங்கள் அக்டோபரைப் பாருங்கள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம் இருந்திருக்கக்கூடிய 13 முதல் 19 வரையிலான ஒரு வாரம் அப்படியே பிளாங்க்கில் விழுந்திருக்கும். 1 முதல் 12 வரையிலான நாட்களில் 10-ஆம் தேதி மட்டும் அக்டோபரிலேயே தங்கும். மற்றவை ஜனவரி, பிப்ரவரி என்று பிற மாதங்களுக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக ஏப்ரல் 10, மே 10, ஜூன் 10 என்று ஒவ்வொரு மாதத்தின் 10-ஆம் தேதி விற்பனையும் அக்டோபருக்கு வந்து சேரும். ஆக, உங்கள் முதலாளி பார்த்த 12 லட்சம் எட்டு மாதங்களின் எட்டுப் பத்தாம் தேதிகளுடைய கூட்டுத்தொகை. அக்டோபர் விற்பனை என்று அதைச் சொல்லவே முடியாது.

என் ஊகம் சரியா என்று நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். ரிப்போர்ட்டில் மாதத்துக்குக் கீழே தேதிகளையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் சொல்வது சரி என்றால், ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதமும் இருக்கும், ஒவ்வொன்றிலும் சரியாக எட்டு நாள்தான் இருக்கும், அந்த நாட்கள் எல்லாமே 4 முதல் 11 வரைதான் இருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாத எண்கள்தான் அங்கே நாளாக வேடம் போட்டு நிற்கின்றன. 244 நாள் கணக்கில் 96 நாள் இப்படி இடம் மாறியோ, பத்தாம் தேதி போலத் தற்செயலாகச் சரியாகவோ உட்கார்ந்திருக்கும். மீதி 148 நாள் பிளாங்க்கில் இருக்கும். டிசம்பர் 11-க்குக்கூட விற்பனை காட்டும். நீங்கள் கடிதம் எழுதிய அன்று அந்த நாள் வந்தே இருக்காது! முதலாளிக்கு ஒன்றே ஒன்றைக் காட்ட முடியும் என்றால் இதைக் காட்டுங்கள். இன்னும் விடியாத நாளுக்கு விற்பனை காட்டும் தாளை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், மறைத்து வைத்த பிளாங்க் வரியைத் திரும்ப எடுத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்த மொத்தமும் உங்கள் நோட்டின் எட்டு மாத மொத்தமும் ஒன்றாக நிற்க வேண்டும். மாதங்களை எப்படி அடுக்கினாலும் மொத்தம் மாறாது. எனவே மாதக் கணக்கைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் மொத்தத்தைப் பாருங்கள். மொத்தம் இடித்தால் விற்பனையில் ஏதோ விடுபட்டிருக்கிறது. மொத்தம் சரியாக இருந்து மாதம் மட்டும் இடித்தால், கோளாறு தேதியில்.

சரி செய்யும் வழி

கெட்டுப்போன அந்தக் கோப்பையே வைத்துச் சீர்செய்ய முயல வேண்டாம். மாதமும் நாளும் இடம் மாறிய வரிகளும் மாறாத வரிகளும் அதில் கலந்து கிடக்கின்றன. பிளாங்க்கை மட்டும் நிரப்பினால் மற்ற தப்பு அப்படியே தங்கிவிடும். பில்லிங் மென்பொருளிலிருந்து விவரத்தைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்கக் கூடாது. திறந்த அந்த நொடியிலேயே எக்ஸெல் தன் இஷ்டத்துக்குத் தேதியைப் படித்துவிடும். எக்ஸெல்லில் 'டேட்டா' பகுதிக்குப் போய் 'டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக உள்ளே கொண்டுவந்து, 'டிரான்ஸ்ஃபார்ம்' அழுத்தி, தேதிப் பத்தியின் தலைப்பில் வலது கிளிக் செய்து, 'சேஞ்ச் டைப்' என்பதில் 'யூசிங் லோகேல்' தேர்ந்தெடுத்து, வகை 'டேட்', மொழி 'இங்கிலீஷ் இந்தியா' என்று வைக்க வேண்டும். அதற்கு முன் மென்பொருள் தானாகவே அந்தப் பத்தியின் வகையை மாற்றியிருந்தால், அந்தப் படியை நீக்கிவிட்டுச் செய்யுங்கள். பவர் பிஐ என்ற ரிப்போர்ட் மென்பொருளிலும் இதே வழிதான்.

மாதமாகப் பிரிக்கும்போது மாதத்தோடு வருடத்தையும் சேர்த்தே பிரியுங்கள். எக்ஸெல் பிவட்டில் (விவரங்களைத் தொகுத்துக் கூட்டித் தரும் அட்டவணை) மாதத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் 2024 அக்டோபரும் 2025 அக்டோபரும் ஒன்றாகக் கூடிவிடும். இப்போது உங்களிடம் எட்டு மாதக் கணக்குதான் இருப்பதால் தெரியாது. ஏப்ரல் வந்து அடுத்த நிதியாண்டு சேர்ந்ததும் இது தலைகாட்டும். சில மென்பொருள்கள் மாதப் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி, ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட், அதற்கடுத்து டிசம்பர் என்று காட்டும். ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12 என்று ஒரு வரிசை எண் பத்தி வைத்து, அதன்படி அடுக்கச் சொன்னால் நிதியாண்டு வரிசைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, நல்ல அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது. பில்லில் தேதியோடு நேரமும் இருந்தால், 'அக்டோபர் 31 வரை' என்று வடிகட்டும்போது மென்பொருள் அதை 31-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி, அதாவது அந்த நாள் தொடங்கும் நொடி வரை என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசி நாள் விற்பனை முழுதும் விடுபட்டுவிடும். 'நவம்பர் 1-க்கு முன்' என்று வடிகட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

தேதி சரியான பிறகும் கொஞ்சம் வித்தியாசம் வரலாம்

இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த சண்டை இதில் தொடங்கும். ரிப்போர்ட் பில் தொகையைக் கூட்டுகிறதா, வரி நீக்கிய மதிப்பைக் கூட்டுகிறதா என்று பாருங்கள். ரிட்டர்னில் விற்பனை மதிப்பு தனி, வரி தனி. செப்டம்பரில் விற்ற சேலை அக்டோபரில் திரும்பி வந்து கிரெடிட் நோட் (திரும்பிய சரக்கின் தொகையைக் கழிக்கும் சீட்டு) போட்டிருந்தால், ரிட்டர்னில் அது அக்டோபரில் கழியும்; சில ரிப்போர்ட்களில் பழைய பில்லோடு சேர்ந்து செப்டம்பரில் கழியும். கல்யாண ஜவுளிக்கு வாங்கிய முன்பணம் அன்றைய கல்லாவில் இருக்கும், ஆனால் பில் போடும்வரை அது விற்பனையில் வராது.

செப்டம்பர் மாதத்துக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு வரி விகிதம் மாறியது. அதுவரை உருப்படிக்கு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே போனால் 12. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. மாத மொத்தத்தை ஒரே விகிதத்தால் பெருக்கிச் சரிபார்க்க நினைத்தால் அந்த மாதம் ஒருபோதும் ஒத்துவராது. 21-ஆம் தேதி வரை ஒரு துண்டு, 22 முதல் இன்னொரு துண்டு என்று பிரித்துப் பாருங்கள்.

ரிட்டர்னில் கழிக்கச் சொல்வதைப் பற்றி

உங்கள் முதலாளி சொல்வதிலேயே மிக ஆபத்தானது இதுதான். சம்பளப் பிடித்தத்தைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை. அக்டோபருக்குக் கட்டிய வரி சரியான வரி. இல்லாத 'அதிக' விற்பனையை நவம்பரிலிருந்து கழித்தால், உண்மையாகவே விற்றதற்கு வரி கட்டாத நிலை உருவாகும். குறைவாகக் கட்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. தெரிந்தே குறைத்துக் காட்டியதாக அதிகாரி முடிவு செய்தால் வரிக்குச் சமமான தொகை அபராதமாகவும் வரலாம். நோட்டீஸ் கடைக்குத்தான் வரும். ஆனால் "கணக்கு எழுதியது யார்" என்ற கேள்வியும் கூடவே வரும். நோட்டை நீங்கள் திருத்தி எழுதியிருந்தால், அந்தத் திருத்தம் உங்கள் கையெழுத்தில் நிற்கும். இன்றைக்குத் தப்பே செய்யாத நீங்கள், அன்றைக்குக் கணக்கைத் திருத்தியவர் ஆகிவிடுவீர்கள்.

நாள் கணக்குதான் மூலம். மாதக் கணக்கு அதிலிருந்து பிறப்பது. மாதம் ஒத்துவரவில்லை என்று நாளைத் திருத்துவது, உடம்புக்குச் சட்டை சேரவில்லை என்று உடம்பை வெட்டுவது மாதிரி. பில்களையும் கணக்குப் புத்தகங்களையும் அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. உங்கள் நோட்டு அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் விற்பனைக்கு, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் டிசம்பர் 11-க்குள், வரி கட்டும் 3பி ரிட்டர்ன் டிசம்பர் 20-க்குள் போக வேண்டும். எனவே காத்திருக்காமல் உங்கள் கடையின் ஆடிட்டரிடம் இன்றே பேசுங்கள். தயக்கமாக இருந்தால், "ரிப்போர்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் வித்தியாசம் வருகிறது, தேதி தவறாகப் படித்திருக்கும் என்று தோன்றுகிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். அவர் சொன்னால் முதலாளி கேட்பார். கழித்துப் போடச் சொல்லி மறுபடியும் வற்புறுத்தினால், ஆடிட்டர் எழுத்தில் சொன்னால் செய்கிறேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். எந்த ஆடிட்டரும் அப்படி எழுதித் தர மாட்டார்.

முதலாளிக்கு இன்னும் ஒரு விஷயம் புரிய வேண்டும்

கணக்கைச் சரிசெய்த பிறகு பெரியவர் போன வருட அக்டோபரை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். இந்த வருடம் அதைவிடக் குறைவாக இருந்தாலும் பதற வேண்டியதில்லை. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. பண்டிகைக்கு முந்தைய முப்பது நாளை எடுத்தால் அக்டோபர் 1 முதல் 30 வரை, ஏறக்குறைய ஒரே மாதம். 2025-இல் அதே முப்பது நாள் செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 19 வரை. பதினோரு நாள் செப்டம்பருக்குப் போய்விட்டது, 20-க்குப் பிறகு கடை காற்று வாங்கியிருக்கும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2026-இல் நவம்பர் 8. ஆங்கில மாதத்துக்கு ஆங்கில மாதம் ஒப்பிட்டால் ஜவுளி வியாபாரத்தில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பார்.

ஆடியும் அப்படித்தான். 2025-இல் ஜூலை 17-இல் பிறந்து ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. ஆடித் தள்ளுபடி விற்பனை இரண்டு மாதங்களில் பாதி பாதியாகக் கிடக்கும், எந்த மாதத்தைப் பார்த்தாலும் முழுசாகத் தெரியாது. எனவே மகனிடம் ஒரு யோசனை சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் தேதிகளுக்கென்று தனியாக ஓர் அட்டவணை வைத்து, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஆங்கில மாதத்தோடு 'ஆடி', 'தீபாவளி 30 நாள்', 'பொங்கல்', 'முகூர்த்த நாள்' என்று இன்னொரு பத்தி சேர்க்கட்டும். ரிட்டர்னுக்கு ஆங்கில மாதம். சரக்கு எடுப்பதற்கும் ஆள் போடுவதற்கும் இந்தப் பத்தி. அந்தத் தம்பியின் முயற்சி நல்ல முயற்சி. தேதிக் கோளாறைத் தவிர அவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரை முதலாளி முன்னால் தலைகுனிய வைக்காமல், தனியாக அவரிடம் முதலில் காட்டி, அவர் வாயாலேயே அப்பாவிடம் சொல்ல வையுங்கள். உங்கள் பெயரும் தேறும், அந்த வீட்டில் உங்களுக்கு ஒரு பகையும் சேராது.

சம்பளமும் வேலையும்

சம்பளத்தில் இஷ்டத்துக்குப் பிடிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலும் சரி, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சரி, நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டுமானால் அந்த நஷ்டம் ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். நஷ்டத்தைவிட அதிகமாகப் பிடிக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் நஷ்டமே இல்லை.

எதிலாவது கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடாதீர்கள். 'என் தவறால் ஏற்பட்ட இழப்பு' என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் போடவே வேண்டாம். நீங்கள் கண்டுபிடித்ததை ஒரு பக்கத்தில் தேதி போட்டு எழுதி முதலாளியிடம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தற்காப்புக்கு என்று கடையின் பில் விவரங்களையும் வாடிக்கையாளர் போன் எண்களையும் உங்கள் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். அக்டோபரின் 31 நாள் தொகையையும் பில்லிங் கம்ப்யூட்டரின் தினசரி முடிவுத் தாள்களையும் கடையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

வேலையை விடுவது உங்கள் விருப்பம். எல்லோர் முன்னாலும் அவமானப்பட்ட வலி எனக்குப் புரிகிறது. பல வருட உழைப்புக்கு அந்தப் பேச்சு நியாயமில்லை. ஆனால் பழி தீராமல் இப்போதே போனால், "கணக்கில் குளறுபடி செய்துவிட்டுப் போய்விட்டாள்" என்ற பேச்சுதான் அந்தக் கடைவீதியில் மிஞ்சும். ஒரே தொழிலில் இருக்கும் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துத்தான் ஆள் எடுப்பார்கள். முதலில் கணக்கைத் தெளிவாக்குங்கள், நவம்பர் ரிட்டர்ன் சரியாகப் போகட்டும். அதன் பிறகும் அங்கே இருக்க மனசு வரவில்லை என்றால், பணி அனுபவச் சான்றும் பாக்கிச் சம்பளமும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எல்லாம் காட்டிய பிறகும் பிடித்தே தீருவேன் என்றால், பிடித்த மாதத்தின் சம்பளச் சீட்டோடு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சம்பளச் சீட்டு தருவதில்லை என்றால், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த விவரத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.